இறாலின் செந்நிறம்



தலைநகரில் வாழும் தமிழர்களில் மீன் உண்ணும் வழக்கமுடையோர், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சித்தரஞ்சன் பூங்கா அங்காடிக்கு ஒரு முறையேனும் சென்றிருப்பர். வங்காளத்து அன்பர்கள் நடத்தும் அந்த மீன் கடைகளில் பனிக்கட்டியின் மேல் கிடத்தப்பெற்றிருக்கும் பெரிய இறாலுக்குக் 'கல்தா சிங்ரி' என்று பெயர். தலை பெருத்து, முன்கால்கள் நீண்டு, நீலமும் பசுமையும் கலந்த நிறத்தோடு கிடக்கும் அவ்விறால், கடலில் பிடிக்கப்பெறும் இறாலன்று. ஆற்றிலும் குளத்திலும் வளரும் நன்னீர் இறால். கல்கத்தாவில் இருந்த நாட்களில் நாம் ஒன்று கண்டோம். கால்பந்தாட்டத்தில் மோகன் பாகான் குழு வென்ற அன்று மாலை இவ்விறாலின் விலை ஏறிவிடும். ஈஸ்ட் பெங்கால் வென்றாலோ இல்சா மீனின் விலை ஏறும். ஓர் உயிரினத்துக்கு ஒரு நகரம் அளிக்கக்கூடிய மரியாதை இதற்கு மேலும் உண்டோ!

அண்மையில் ஒரு ஞாயிறன்று அத்தகைய இறால்களை வாங்கி வந்து வீட்டில் வேக வைத்தோம். கொதிநீரில் இட்ட சில நிமிடங்களில் நீல நிறம் மறைந்து, செம்பருத்திப் பூவின் நிறம் தோன்றிற்று. அருகில் நின்ற நம் மகள், "அப்பா, இந்தச் சிவப்பு இவ்வளவு நேரம் எங்கே இருந்தது?" என்று கேட்டாள். நாம் கலைப் பட்டதாரி. ரசாயனத்துடன் நமக்கிருந்த உறவு பள்ளிப் படிப்போடு முடிந்துவிட்டது. மத்திய சர்க்கார் அலுவலகத்தில் சட்டங்களையும் அறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்ப்பதே நம் தொழில். ஆகவே, "சொல்லுகிறேன், பொறு" என்று அப்போதைக்கு விடையைத் தள்ளி வைத்தோம். சர்க்கார் அலுவலகத்தில் பயின்ற பழக்கம் வீட்டிலும் கைகொடுத்தது!

ஆயினும் அவ்வாரத்திலேயே, அதே பொருளைப் பற்றிப் பணமும் பொறுப்பும் கலந்த வேறொரு கேள்வி சூலூர்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தது. அதைத் தள்ளி வைக்க இயலவில்லை.

சூலூர்பேட்டை ஆந்திர மாநிலத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி உள்ள ஊர். முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே தெருவில் வாழ்கின்றன. நம் தமக்கையின் கணவர், அதாவது நம் அத்தான், அவ்வூருக்கு அருகே இரண்டு குளங்களில் நன்னீர் இறாலைக் கட்லா, ரோகு மீன்களோடு சேர்த்து வளர்க்கிறார். அவரிடம் தீவனம் விற்பவர், இறாலுக்கு நல்ல நிறமும் வளர்ச்சியும் தரும் என்று கூறி, நிறப்பொருள் சேர்த்த புதிய தீவனத்தை வாங்குமாறு வற்புறுத்தினார். விலை வழக்கமான தீவனத்தைவிட அதிகம். அதனோடு ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார். அத்தான் அதை நமக்கு அனுப்பி, "தம்பி, நீங்கள் பாராளுமன்றச் சட்டத்தையே தமிழாக்குகிறவர். இந்த ஒரு தாளை எனக்குத் தமிழில் சொல்லுங்கள். கடன் வாங்கித்தான் இதை வாங்க வேண்டும்" என்று தொலைபேசியில் கூறினார்.

கடன் என்ற சொல் அவர் வாயில் எளிதாக வருவதன்று. 2008ஆம் ஆண்டில் வெண்வால் நோய் தாக்கி, குஞ்சு விட்ட சில வாரங்களுக்குள் ஒரு குளம் முழுவதையும் இழந்தவர் அவர். அவர் ஒருவர் மட்டும் அவ்வாறு இழக்கவில்லை. 2005-06ஆம் ஆண்டில் இந்தியாவின் வளர்ப்பு நன்னீர் இறால் விளைச்சல் 40,000 டன்னைத் தாண்டியிருந்தது. அதில் பெரும் பங்கு ஆந்திரத்தினுடையது. சில ஆண்டுகளுக்குள் அது மிகச் சிறு பங்காகக் குறைந்தது. வெண்வால் நோய், தரம் கெட்ட குஞ்சுகள், பிறகு 2009இல் அனுமதிக்கப்பெற்ற வனாமி இறாலின் வருகை ஆகிய யாவும் ஒன்று சேர்ந்து நன்னீர் இறாலைப் பின்னுக்குத் தள்ளின. அத்தான் வனாமிக்கு மாறவில்லை. அவருடைய கிணற்று நீர் இனிப்பானது. அவர் பிடிவாதமும் அவ்வளவு எளிதில் கரைவதன்று.

நேயர்களே, இனி மகளின் கேள்விக்கு வருவோம். அத்தானின் கேள்விக்கும் வழி அதுவேயாகும்.

காரட் கிழங்கின் மஞ்சள், தக்காளியின் சிவப்பு, முட்டைக் கருவின் மஞ்சள், வற்றல் மிளகாயின் செம்மை ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நிறப்பொருள்கள். 1831இல் வாக்கன்ரோடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் காரட் கிழங்கிலிருந்து முதன்முதலாக ஒன்றைப் பிரித்தெடுத்தமையால், குடும்பம் முழுவதற்குமே கரோட்டினாய்டு என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று இயற்கையில் அறியப்பட்டிருப்பவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. இவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர் இடலாமென்று நாம் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டதுண்டு. 'செம்மஞ்சள் நிறமி' என்று எழுதிப் பார்த்தோம். இறாலின் நீலமும் இதே பொருளால் விளைவதே என்று அறிந்த பின்னர் அப்பெயரை அடித்துவிட்டோம். கரோட்டினாய்டு என்றே இருக்கட்டும்.

இறாலில் மிகுதியாக உள்ள கரோட்டினாய்டுக்கு அஸ்டாக்ஸாந்தின் என்று பெயர். 1938இல் ரிச்சர்டு கூன் என்பவரும் சோரன்சன் என்பவரும் கடல் லாப்ஸ்டரிலிருந்து இதைப் பிரித்து ஆராய்ந்தனர். லாப்ஸ்டர் என்பது நம் சிங்கி இறாலைப் போன்ற பெரிய உயிர். கூன் அதே ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றவர். அன்றைய ஜெர்மானிய ஆட்சி அப்பரிசை ஏற்கவொட்டாமல் தடுத்த கதை வேறு.

அஸ்டாக்ஸாந்தின் தனித்திருக்கும்போது சிவப்பு. ஆனால் உயிருள்ள இறாலின் ஓட்டில் அது தனித்திருப்பதில்லை. ஒருவகைப் புரதம் அதைப் பற்றிப் பிடித்து வளைத்து, ஒன்றோடொன்று நெருக்கி வைத்துக்கொள்கிறது. அவ்வாறு பிடிபட்ட நிலையில் அது ஒளியை உறிஞ்சும் முறை மாறிவிடுகிறது. முன்பு நீல ஒளியையும் பச்சை ஒளியையும் விழுங்கிச் சிவப்பைக் காட்டியது, இப்போது செம்மஞ்சள் ஒளியை விழுங்கி நீலத்தைக் காட்டுகிறது. லாப்ஸ்டரில் இப்புரதத்தின் ஒரு பகுதியினது வடிவத்தை 2002இல் பிரிட்டனில் எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்து வெளியிட்டனர். சூடு பட்டதும் புரதம் குலைகிறது. முட்டையின் வெள்ளைக் கரு கொதிநீரில் கெட்டிப்படுவதும் இத்தகைய குலைவே. பிடி தளர்ந்ததும் உள்ளே சிறைப்பட்டிருந்த சிவப்பு வெளிப்படுகிறது. ஆகவே, சிவப்பு கொதிநீரில் பிறப்பதில்லை; தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தது. இதைக் கேட்ட மகள், "அப்படியானால் அது பொய் நிறமா, மெய் நிறமா?" என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தாள். இதற்கு நம்மிடம் இன்றும் விடையில்லை.

ஆனால் அத்தானுக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இந்த நிறப்பொருளை இறால் தன் உடலில் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. செடிகள் ஆக்குகின்றன, பாசிகள் ஆக்குகின்றன, சில ஈஸ்டுகளும் நுண்ணுயிர்களும் ஆக்குகின்றன. விலங்கினங்கள் பெரும்பாலும் உணவின் வழியாகவே பெற வேண்டும். இறாலுக்கு ஒரு சிறு கைத்திறன் உண்டு. பாசியில் உள்ள பீட்டா-கரோட்டினை உண்டால், அதைப் படிப்படியாக மாற்றி அஸ்டாக்ஸாந்தின் ஆக்கிக்கொள்ளும். எனினும் மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

சூலூர்பேட்டைக்குச் சென்றோர் இதற்கு வேறொரு சான்றைத் தம் கண்ணாலேயே கண்டிருப்பர். பக்கத்திலுள்ள பழவேற்காட்டு ஏரிக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் வருகின்றன. அவற்றின் இறகில் காணும் இளஞ்சிவப்பு, அவை சேற்று நீரில் துழாவி உண்ணும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வந்ததேயாகும். உயிர்க்காட்சி சாலையில் அடைத்து, அச்சத்தில்லாத இரையைக் கொடுத்து வந்தால், இறகு உதிர்ந்து முளைக்குந்தோறும் பூநாரை வெளுத்துக்கொண்டே போகும். பறவையின் நிறம் அதன் இரையின் கணக்குப் புத்தகம் எனலாம்.

நன்னீர் இறாலின் வாழ்க்கையில் இக்கணக்கு முட்டையிலேயே தொடங்குகிறது. தாய் இறால் தன் வயிற்றின் அடியில் முட்டைகளைச் சுமந்து செல்கிறது. இட்ட புதிதில் அவை நாரத்தைப் பழத்தின் செம்மஞ்சள் நிறமுடையவை. இது தாய் தன் உடலில் சேர்த்து வைத்திருந்த கரோட்டினாய்டைக் கருவுணவோடு சேர்த்து மக்களுக்கு அளித்த சீதனம். மூன்று வாரத்தில், உள்ளிருக்கும் உயிர் அக்கருவுணவை உண்டு வளர வளர, முட்டைத் திரள் சாம்பல் நிறமாக மாறும். குஞ்சு பொரிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்பதற்கு வளர்ப்போர் கொள்ளும் அடையாளம் அதுவே.

நன்னீரில் வாழும் இந்த இறாலின் குஞ்சு நன்னீரில் பிழைப்பதில்லை என்பது ஒரு வியப்பு. முட்டை தாங்கிய தாய் கழிமுகத்தை நோக்கி நீந்துகிறது. சிறிது உப்புக் கலந்த நீரில் பதினொரு பருவங்களைக் கடந்த பின்னரே குஞ்சு இறாலின் உருவைப் பெற்று ஆற்றின்மேல் திரும்பும். கேரளத்தில் 1970களில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் அணை எழுந்தபோது, இவ்வழி மறிக்கப்பெற்றமையால் ஆற்றுக்கொஞ்சு அங்கே அருகிவிட்டது. குஞ்சுக்கு உப்புநீர் தேவை என்பதை 1960களின் தொடக்கத்தில் மலேயாவின் பினாங்கில் கண்டறிந்தவர் ஷாவோ-வென் லிங் என்னும் அறிஞர். குஞ்சுகள் மடிந்துகொண்டே போனதைக் கண்டு மனம் சோர்ந்த அவர், வீட்டிலிருந்த பண்டங்களையெல்லாம் நீரில் இட்டுப் பார்த்ததாகவும், உப்பு மிக்க சோயாச் சாற்றை இட்டபோதுதான் அவை உயிர் பெற்றதாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது. அவருக்குப் பின், ஹவாய்த் தீவில் ஃபுஜிமுரா என்பவரும் அவருடைய குழுவினரும் 1972க்குள் குஞ்சுகளைப் பெருமளவில் பொரிக்கும் முறையை வகுத்தனர். இன்று நெல்லூர்ப் பகுதியிலும் குஜராத்திலும் ஒரிஸ்ஸாவிலும் குளங்களில் இவ்விறால் வளர்வதற்கு அடிகோலியவர்கள் இவர்கள்.

பொரிப்பகத்தில் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் உப்பளச் சிற்றுயிரை இரையாக இடுகின்றனர். அதுவும் கரோட்டினாய்டு நிறைந்தது. அதனால்தான் அது செம்மஞ்சளாகத் தோன்றுகிறது. ஆகவே முட்டையில் ஒரு பங்கு, இரையில் ஒரு பங்கு என்று இளமையில் நிறப்பொருளுக்குக் குறைவில்லை. கேள்வி எழுவது அதற்குப் பின்னர், குளத்திலே தான்.

மண் குளத்தின் நீர் பசுமையாக இருக்குமாயின் அதில் பாசி இருக்கிறது. பாசியைத் தின்னும் புழுபூச்சிகள் இருக்கின்றன. இறால் இரண்டையும் உண்கிறது. தான் உரித்த ஓட்டைத் தானே தின்று, கைவிட்டதை மீட்டுக்கொள்வதும் உண்டு. இத்தகைய குளத்தில் நிறத்துக்குப் பஞ்சம் வருவது அரிது. மாறாக, தெளிந்த நீர்த் தொட்டியிலோ, பிளாஸ்டிக் விரிப்பிட்ட குளத்திலோ, நெருக்கமாக விட்டு, மூட்டைத் தீவனம் ஒன்றையே நம்பி வளர்க்கும்போதுதான் இறால் வெளுக்கிறது. கடல்நீரில் வளரும் புலி இறாலில் இதை நன்கு ஆராய்ந்துள்ளனர். தாய்லாந்தின் பண்ணைகளில் புலி இறால் ஒருவகை மங்கிய நீலமாக மாறி, வேக வைத்தாலும் சிவக்காமல் விலை இழந்தது. 1993இல் வெளியான ஆராய்ச்சியில், தீவனத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் அஸ்டாக்ஸாந்தின் சேர்த்து நான்கு வாரம் கொடுத்தபோது இயல்பான நிறம் திரும்பியதாகக் கண்டனர். அதற்கு முந்தைய ஆண்டில் ஜப்பானியக் குருமா இறாலைக் கொண்டு நடத்திய சோதனையில், அஸ்டாக்ஸாந்தின் கொடுத்தவை நிறத்தில் சிறந்ததோடு, பிழைத்த எண்ணிக்கையிலும் மிகுந்திருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். நன்னீர் இறாலில் நீலம் கண்டவுடன் நிறக்குறை என்று கருதலாகாது. இதன் ஆண்களில் மூன்று சாதிகள் உண்டு. நீண்ட நீலக் கைகளையுடையவை குளத்தின் ஜமீன்தார்கள். இடத்தைப் பிடித்துக்கொண்டு பெண்களைக் காவல் காக்கும். இவை வளர்வது மெதுவாகத்தான். செம்மஞ்சள் கைகளையுடையவை நன்கு உண்டு விரைந்து வளரும். மூன்றாவது வகை சிறு ஆண்கள். பெரியவர்களின் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழும். செம்மஞ்சள் கையன், அருகிலுள்ள நீலக் கையனைவிடப் பெரியவனாக வளர்ந்த பிறகே ஓடு உரித்துத் தானும் நீலக் கையன் ஆகிறான். இந்த ஏற்பாட்டை இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 1980களிலும் அதன் பின்னரும் விரிவாக ஆராய்ந்தனர். எனவே கையின் நீலம் பதவியின் சின்னம், பசியின் சின்னமன்று. அத்தானின் குளத்தில் நீலக் கைகளைக் காட்டி, "பாருங்கள், நிறச்சத்து குறைந்துவிட்டது" என்று தீவன வியாபாரி கூறினாராம். அறியாமையோ, வியாபார சாமர்த்தியமோ, நாம் அறியோம்.

இப்போது துண்டுப் பிரசுரத்துக்கு வருவோம். அதில் எழுதியிருந்தது ஏறக்குறைய இதுவே: இத்தீவனம் நிறத்தை மேம்படுத்தும், வளர்ச்சிக்கும், பிழைப்புக்கும், நோய் எதிர்ப்புக்கும் துணைபுரியக்கூடும். நிறத்துக்கு 'மேம்படுத்தும்', ஏனையவற்றுக்கு 'கூடும்'. ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சிறு சொல் அது. வியாபாரி தெலுங்கில் எடுத்துரைத்தபோது அச்சிறு சொல் வழியிலேயே விழுந்துவிட்டது. எல்லாமே உறுதிமொழியாயின. சட்டத்தை மொழிபெயர்ப்பவருக்கு 'மே' என்பதற்கும் 'ஷல்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு தெரியும். அவற்றை மாற்றி எழுதினால் ஒருவர் சிறைக்குச் செல்லவும் கூடும், வீட்டுக்குத் திரும்பவும் கூடும். இங்கே ஒரு குளத்தின் கடன் அச்சொல்லைச் சார்ந்திருந்தது.

அச்சொல்லை அச்சிட்டவர் சும்மா இடவில்லை என்பதையும் கூற வேண்டும். ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தால் நிலைமை அதுவேதான். நிறம் கூடுவதில் ஐயமில்லை. அஸ்டாக்ஸாந்தின் உடலில் உள்ள கொழுப்புப் பொருள்களைப் பிராணவாயுவின் தாக்குதலிலிருந்து காக்கிறது. அதனால், அம்மோனியா மிகுந்த நீர் முதலிய இன்னல்களைத் தாங்கும் ஆற்றல் கூடுகிறது என்பதற்கு இறால் வகைகளில் சான்றுகள் உள்ளன. வளர்ச்சியைப் பொறுத்தவரை சோதனைகள் ஒருமுகமாகப் பேசவில்லை. சிலவற்றில் எடை கூடியது. சிலவற்றில் வேறுபாடே காணோம். தொட்டியில் கண்ட பயன் பசுமையான மண் குளத்திலும் கிட்டும் என்று கொள்ளவும் வழியில்லை. வெண்வால் நோய்க்கு இது மருந்தா என்று அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை. அது வைரஸ் நோய். அதற்கு மருந்து கிடையாது. நோயற்ற தாய்களிலிருந்து பொரித்து, சோதித்துப் பார்த்த குஞ்சுகளை வாங்குவது ஒன்றே காப்பு. அக்காசை அங்கே செலவிடுங்கள் என்று நாம் கூறியபோது, மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

பிறகு அவரே கணக்குக்கு வந்தார். கணக்கில் அவர் நம்மினும் வல்லவர். கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றால் 1 டன் தீவனத்துக்கு 50 கிராம் தூய நிறப்பொருள். கடையில் வருவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கே நிறப்பொருள் கொண்ட பொடியாதலின், டன்னுக்கு அரைக் கிலோ பொடி. ஆறு மாத வளர்ப்பில் ஒரு குளத்துக்கு 1 டன் தீவனம் செல்வதாகக் கொள்வோம். முதல் நாளிலிருந்தே இதைக் கொடுத்தால் 50 கிராமும் செலவாகும். நிறம் ஒன்றே நோக்கமானால் பிடிப்பதற்கு முன் கடைசி நான்கு வாரம் கொடுத்தால் போதும். அந்நான்கு வாரத்தில் கால் டன் தீவனம் செல்லுமெனில், வேண்டியது பன்னிரண்டரைக் கிராமே. தொடக்கத்தில் இட்ட நிறத்தில் ஒரு பகுதி ஓடு உரியும்போதெல்லாம் கழிகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூட்டையை வைக்கும் இடமும் முக்கியம். கரோட்டினாய்டுக்கு நிறம் தருவது அதன் உடலில் உள்ள நீண்ட கார்பன் சங்கிலி. ஒன்று விட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பாக அமைந்த அச்சங்கிலியே அதை எளிதில் கெடவும் செய்கிறது. வெயில், காற்று, வெப்பம் மூன்றும் அதற்குப் பகை. நெல்லூர்ச் சீமையின் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையின் கீழ் இரண்டு மாதம் கிடந்த மூட்டையில் அச்சிட்ட அளவு அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கில்லை. தயாரித்த தேதியைப் பார்க்கச் சொன்னோம். முன்பு வாங்கிய ஒரு மூட்டையை அவர் பார்த்ததில், தேதி அச்சிட்ட இடத்தில் ஒரு விலைச் சீட்டு ஒட்டியிருந்ததாம்.

இவ்வளவு விலை கொடுக்காமல் நாட்டுச் சரக்கால் காரியம் ஆகாதோ என்று நேயர்கள் கேட்கலாம். அத்தானும் கேட்டார். டில்லியில் 'கேந்தா' என்று மாலை கட்டும் துலுக்கச் சாமந்திப் பூவிலிருந்து எடுக்கும் சத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்கின்றனர். முட்டைக் கரு மஞ்சளாவது அதனால்தான். தென்னாட்டில் இதற்கெனவே அப்பூவைப் பயிரிடுகிறார்கள். ஆனால் அப்பூவில் உள்ளது லூட்டின். அதை அஸ்டாக்ஸாந்தினாக மாற்றும் திறன் இறாலுக்கு மிகக் குறைவு. கோழிக்கு ஆனது இறாலுக்கு ஆகவில்லை. ஸ்பைருலினாப் பாசியும், உப்பளங்களில் வளரும் துனலியெல்லாப் பாசியும் தருவது பீட்டா-கரோட்டின் முதலியவற்றை. இவற்றை இறால் மாற்றிக்கொள்ளும், எனினும் அஸ்டாக்ஸாந்தினையே நேராகக் கொடுப்பதற்கு அது ஈடாகாது. ஹிமட்டோகாக்கஸ் என்னும் நன்னீர்ப் பாசி விந்தையானது. நலமாக இருக்கும்வரை பச்சை. நீர் வற்றியோ வெயில் மிகுந்தோ துன்பம் வந்தால் அஸ்டாக்ஸாந்தினைச் சேர்த்துக்கொண்டு இரத்தச் சிவப்பாகிவிடும். இயற்கையான அஸ்டாக்ஸாந்தினுக்கு இதுவே முதன்மையான மூலம். விலையும் அதற்கேற்ப உச்சியில். தீவனங்களில் பெரும்பாலும் சேர்வது தொழிற்சாலையில் செயற்கையாக ஆக்கப்பெற்றது.

மிளகாயைப் பற்றிய செய்தி ஒன்று நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றிற்று. பெங்களூர் நேயர்கள் அறிந்த பேடகி மிளகாயைப் போலக் காரம் குறைந்து நிறம் மிகுந்த பாப்ரிகா என்னும் மிளகாயின் தூளை, ஹவாயில் தாய் வனாமி இறால்களின் உணவில் சேர்த்துப் பார்த்தனர். அவை ஈன்ற குஞ்சுகள் தரத்தில் மேம்பட்டிருந்ததாக 1997இல் அறிவித்தனர். இதிலிருந்து நமக்குப் புலப்படுவது யாதெனில், இந்தச் சத்துக்குப் பணம் செலவிடத் தகுந்த இடம் பொரிப்பகத்தின் தாய்த் தொட்டியாக இருக்கலாம் என்பதே. முட்டையின் செம்மஞ்சளைப் பற்றி முன்னர்க் கூறியதை நேயர்கள் இங்கே நினைவுகூரலாம். ஆயினும் அது பொரிப்பகத்தார் செய்ய வேண்டிய செலவு. குஞ்சு வாங்கும் குடியானவர், "தாய்க்கு என்ன தீனி கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஏற்படவில்லை.

நிறம் தீவனத்தால் மட்டும் அமைவதுமன்று. இறாலின் தோலில் நிறப்பைகள் உண்டு. வெண்மையான தரையில் அவை சுருங்கும். கருமையான தரையில் விரியும். ஆஸ்திரேலியாவில் புலி இறாலைக் கறுத்த தொட்டியில் வைத்தபோது, ஒரே தீவனத்தை உண்டவையே வேக வைத்தபின் மிகுந்த செம்மை காட்டின. கருஞ்சேற்றுக் குளம் அத்தானுக்கு இலவசமாகவே வாய்த்திருக்கிறது.

இவ்வளவையும் கூறிவிட்டு, அவரை ஒன்று கேட்டோம்: "அத்தான், உங்கள் இறாலை வாங்குகிறவர் நிறம் பார்த்தா விலை வைக்கிறார்?" அவர் நகைத்தார். கல்கத்தாவுக்கு அனுப்பும் வியாபாரி தலையோடு எடை பார்க்கிறார். கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று எண்ணுகிறார். பனிக்கட்டியைத் தட்டிவிட்டு முகர்ந்து பார்க்கிறார். வேக வைத்துப் பார்ப்பதில்லை. சென்னையில் ஓர் உணவு விடுதிக்காரர் மட்டும், தட்டில் வைக்க நல்ல சிவப்பாக வேண்டும், அதற்குச் சற்றுக் கூடுதல் விலையும் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னாராம்.

ஆகவே நம் மொழிபெயர்ப்பு அனுப்பப்பெற்றது. 'கூடும்' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு இட்டோம். அலுவலகத்தில் இவ்வாறு செய்ய நமக்கு அதிகாரமில்லை. அத்தான் கடன் வாங்கவில்லை. கையிலிருந்த பணத்தில் சில மூட்டைகள் மட்டும் வாங்கி, சிறிய குளத்துக்குக் கடைசி நான்கு வாரம் கொடுப்பதென்றும், பெரிய குளத்துக்கு வழக்கமான தீவனமே போதும், நீர் பசுமை குன்றாமல் பார்த்துக்கொள்வதென்றும் முடிவு செய்திருக்கிறார். விரிப்பிட்ட குளத்தில் நெருக்கமாக வளர்க்கும் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் முழுப் பருவத்துக்கும் வாங்கியிருக்கிறார். அவர் நிலைமை வேறு. அவர் செய்ததைத் தவறென்று கூற நாம் துணியோம்.

வரும் தை மாதத்தில் இரண்டு குளங்களையும் பிடிக்கிறார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பத்து இறாலை எடுத்து, ஒரே பானையில், ஒரே அளவு நேரம், நூலால் அடையாளம் கட்டி வேக வைத்து, படம் எடுத்து அனுப்புவதாக அத்தான் வாக்களித்திருக்கிறார். எந்த நூல் எந்தக் குளத்துக்கு என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று அவருக்கு நிபந்தனை விதித்திருப்பவள் நம் மகள்.